பேரேடும் சீட்டும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ தாய்மொழிக் கல்வியின் இன்றியமையாமை பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவை பற்றி எழுத வல்லார் இம்மலரில் வேறு பலர் உளர். நாம் இம்முறை பணம் பற்றி எழுத விழைகின்றோம். தமிழ்ப் பாடசாலையின் மலரில் பணத்துக்கு என்ன இடம் என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். கடந்த ஆண்டில் எமது ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவி நின்றுபோனமைக்குக் காரணம் மொழிப்பற்றின்மை அன்று, பணமே காரணம். அதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் மற்றொரு மாணவி. இந்நாட்டுக் கல்லூரிகளில் துறுவாசியேம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் ஏதேனும் ஒரு தொழிலகத்திற் சென்று சில நாட்கள் இருந்து, அங்கு நடப்பதைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும் என்பதைப் பெற்றோர் அறிவீர்கள். இம்மாணவிக்குக் கிடைத்தது ஒரு கூட்டுறவு வங்கியின் சிறு கிளை. மருத்துவமனையோ, கணினி நிறுவனமோ கிடைத்திருக்கலாம் என்று தந்தையாருக்கு மனவருத்தம். பிள்ளைக்கும் சலிப்பு. "சேர், அங்கே ஒன்றுமே நடக்கிறதில்லை. ஆக்கள் வருகினம், இருந்து கதைக்கினம், போகினம்" என்றார். நாம் சிரித்துவிட்டு, ஊரில் ஆறு ஆண்டுகள் நாமும் அத்தகைய இடமொன்றில் பணியாற்றினோம் என்றோம். அவர் நம்பவில்லை. படிப்பித்தீர்கள் என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டார்.

படிப்பித்ததும் உண்மை, அங்கு இருந்ததும் உண்மை. வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு 2004 முதல் 2010 வரை நாம் பொருளாளராக இருந்தோம். பகலிற் பாடசாலை, செவ்வாயும் வெள்ளியும் மாலையிலும், ஞாயிறு காலையிலும் சங்கம். ஊதியம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு சிறு அன்பளிப்புத் தொகையைத் தீர்மானிப்பார்கள். அதனை முன்மொழிபவருக்கும் எதிர்ப்பவருக்கும் இடையே நடக்கும் விவாதத்தை நாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

சங்கம் என்றால் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உடைய மாளிகை என்று எண்ணவேண்டா. வாசிகசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு வாங்குகள், ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குத் திறப்பு இரண்டு. ஒன்று தலைவரிடம், மற்றையது எம்மிடம். இருவரும் சேர்ந்தாலன்றிப் பெட்டி திறவாது. தலைவர் கோவிற் திருவிழாவுக்குப் போய்விட்டால் அன்று ஊருக்கே கடன் இல்லை! இதனைப் பழித்தோர் உண்டு. இருவரையும் காப்பாற்றியது அந்த ஏற்பாடே என்று நாம் பின்னர் உணர்ந்தோம்.

பணி என்ன? அங்கத்தவர் பங்குப்பணம் செலுத்துவார். கிழமைதோறும் இயன்ற தொகையைச் சேமிப்பில் இடுவார். அத்தொகை சிறிதளவு பெருகியதும் கடன் கேட்கும் உரிமை பெறுவார். விண்ணப்பத்தைக் கடன்குழு பார்க்கும். அங்கத்தவர் இருவர் பிணை நிற்பர். நீரிறைக்கும் இயந்திரம், உரம், வெங்காய விதை, கூரைத்தகரம், மகளின் சாமத்தியச் சடங்கு என நோக்கங்கள் பலவாகும். சடங்குக்குக் கடன் கொடுக்கலாமா என்று குழுவில் ஒவ்வோர் ஆண்டும் சர்ச்சை எழும். கொடுக்காவிட்டால் வட்டிக்காரரிடம் போவார்கள் என்பது எமது கட்சி.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 10,000 ரூபாவை வட்டிக்காரரிடம் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு வாங்கினால், பத்து மாதத்தில் வட்டி மட்டும் 5,000 ரூபா. முதல் அப்படியே நிற்கும். எமது சங்கத்தில் நூற்றுக்கு ஒன்றரை. அதுவும் எஞ்சிய முதலுக்கே. மாதம் 1,000 ரூபா முதலாகச் செலுத்திவந்தால் முதல் மாத வட்டி 150, அடுத்தது 135, இவ்வாறு குறைந்து பத்தாம் மாதம் 15. கூட்டிப் பாருங்கள்; 825 ரூபா. வட்டி சங்கத்துக்கே வரும்; சங்கம் என்பது கடன் வாங்கியவரும் சேர்ந்ததே. இந்தக் கணக்கை ஒரு முறை மேசையில் வைத்து விளக்கினால் எழுதப்படிக்கத் தெரியாத மூதாட்டியும் விளங்கிக்கொள்வார். எமது பத்தாம் வகுப்பு மாணவரிலும் விரைவாக விளங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

மாலையில் காசேட்டை முடிக்கும்போது கையிருப்பும் ஏடும் ஒத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை 90 ரூபா குறைந்தது. எமது பையிலிருந்து 90 ரூபாவை இட்டுவிட்டு வீடு செல்ல எண்ணினோம். முன்னைய பொருளாளர், எமக்குத் தொடக்கப் பள்ளியிற் கற்பித்த ஆசிரியர், அன்று பக்கத்தில் இருந்தார். "தம்பி, உன்ரை காசைப் போட்டால் பிழை மறையும், போகாது" என்று தடுத்துவிட்டார். வித்தியாசம் ஒன்பதால் வகுபடுமாயின் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று பார்க்கச் சொன்னார். இரவு பத்து மணியளவில் கண்டுபிடித்தோம். 450 என்பதை 540 என்று பதிந்திருந்தோம். அங்கத்தவர் ஒருவரின் பெயரில் 90 ரூபா கூடுதலாக ஏறியிருந்தது. மறுநாள் அவருடைய சேமிப்புப் புத்தகத்தை வாங்கித் திருத்தி, அவர் முன்னிலையிற் கையெழுத்திட்டோம். பிழையைத் தாமே வந்து சொன்ன பொருளாளரை ஊர் பெரிதாகப் புகழவில்லை. "கணக்கு வாத்தியாருக்குக் கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்று சந்தியிலே சிரித்தார்கள். ஆயினும் அடுத்த கிழமை சேமிப்புக் குறையவில்லை.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வருவன. கடினமானவை வேறு. அயலவரின் வறுமையை அறிந்துகொண்டு, அறியாதவர்போல் வீதியில் அவருக்கு வணக்கம் சொல்லுதல் கடினம். அப்பஞ் சுட்டு விற்ற ஓர் அம்மையார் கிழமைக்கு 20 ரூபா கொண்டுவந்து இடுவார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "மாஸ்ரர், உங்கடை மேசையிலையே கிடக்கட்டும். அவர் கண்டால் குடிச்சுப்போடுவார்" என்பார். கணவர் எமக்கு நன்கு தெரிந்தவர். சைக்கிளை நிறுத்தி, "இவள் உங்கை ஏதும் போடுறாளோ?" என்று ஒருநாள் கேட்டார். சங்கத்து விடயம் சங்கத்திலே என்றோம். அவர் எம்மோடு பின்னர் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த 20 ரூபாய்கள் சேர்ந்து மகனின் பரீட்சைக் காலத்துச் செலவுக்கு உதவின.

இல்லை என்று சொல்லுதல் அதனினும் கடினம். உடன் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் விண்ணப்பத்தை நாமே மறுக்கவேண்டி வந்தது. முந்திய கடன் எஞ்சியிருந்தது. அதே மாதம் நண்பர் ஒருவருக்காக விதியைச் சற்று வளைத்தோம் என்பதையும் இங்கு ஒளியாமற் சொல்லவேண்டும். பிணையாளர் இருவரில் ஒருவர் வெளியூர் போயிருந்தார். வந்து ஒப்பமிடுவார் என்று பணத்தைக் கொடுத்துவிட்டோம். வரவில்லை. நண்பரும் கட்டவில்லை. மற்றைய பிணையாளர் ஓர் ஏழைத் தோட்டக்காரர். தவணை தவறியபோது அவரிடம் சென்று கேட்டது எமது கால்கள்தாம். அவர் ஒரு சொல்லும் கூறாது உள்ளே சென்று பணத்தை எடுத்துவந்தார். கடன் முறிந்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டோம்.

2006 ஆவணியில் ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டு வெங்காயம் தெற்குக்குப் போக வழியில்லை. விளைந்தது வீட்டுக் கோடிகளில் அழுகிற்று. அரிசியும் சீனியும் விலையேறின. தவணை கட்ட வருவோர் தொகை குறைந்தது. சட்டப்படி பிணையாளரைக் கேட்கவேண்டும், அவரும் வெங்காயக்காரர். குழு கூடி, வீதி திறக்கும்வரை முதலைக் கேட்பதில்லை என்று தீர்மானித்து, பொதுக்கூட்டத்தைக் கூட்டி அதனை வாசித்தது. ஊரடங்குக்கு முன் கூட்டம் முடியவேண்டும் என்பதால் பேச்சாளருக்குத் தலா இரண்டு நிமிடம். எமது ஊரில் கூட்டமொன்று குறித்த நேரத்தில் முடிந்தது அன்றுதான். பணம் போட்டவரும் பணம் எடுத்தவரும் ஒரே அறையில் அமர்ந்து முடிவெடுத்தார்கள். வேறெந்த வங்கியிலும் நாம் அதனைக் கண்டதில்லை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? யேர்மனியில் வயர்பூஷ் என்னும் சிற்றூரின் நகரபிதாவாக இருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் (1818 - 1888), 1846 - 1847ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஊரவரைச் சேர்த்து மாவும் பாணும் கிடைக்க வழிசெய்தார். பின்னர் 1864இல் ஹெடெஸ்டோர்வ் என்னுமிடத்திற் கடன் சங்கத்தை அமைத்தார். ஒரு சிறு வட்டாரத்துக்குள் ஒருவரையொருவர் அறிந்தோர் மட்டுமே சேர்வர். நிருவாகிகள் ஊதியமின்றிப் பணியாற்றுவர். கணக்காளருக்கு மட்டுமே கூலி. அவருக்குக் கண்பார்வை பெரிதும் மங்கியபின் மகள் அமாலியே எழுத்துப் பணிகளுக்குத் துணைநின்றார். இம்முறையை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்கு ஏற்றது என்று பரிந்துரைத்தவர் பிரெடெரிக் நிக்கல்சன். அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் வெளிவந்தது. 1904இல் இந்தியாவிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1911இல் இலங்கையிலும் வந்தது.

யாழ்ப்பாணத்தார் இதனை இறுகப் பற்றிக்கொண்டனர். நாடு சுதந்திரம் அடையுமுன்னரே அங்கு கூட்டுறவு மாகாண வங்கி இயங்கியது. மூளாயிற் கூட்டுறவு மருத்துவமனை எழுந்தது. யாழ். நகரில் எம்மவர் நாடகமும் கூட்டமும் பார்த்த வீரசிங்கம் மண்டபத்தை நினைவிருக்கின்றதா? அது கூட்டுறவாளரின் மண்டபம். அதற்குப் பெயர் தந்த வீரசிங்கம் அவர்கள் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கேடுகளில் ஆசிரியர்களின் கையெழுத்து நிறைந்திருந்தமை வியப்புக்குரியதன்று. ஊரில் அழகாக எழுதத் தெரிந்தவரும், மாலை நான்கு மணிக்கு ஓய்வாக இருந்தவரும் அவர்களே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி, அந்த முன்னைய பொருளாளரின் செய்தி ஒன்று. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. எமக்கு அப்போது பதினைந்து வயது. மழை. நாவற்குழிப் பாதையில் சனத்திரள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஆசிரியரின் சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் பொலித்தீன் சுற்றியிருந்தது. பின்னால் நின்று தள்ளியவர்களில் நாமும் ஒருவர். உடுப்போ அரிசியோ என்று நினைத்தோம். தென்மராட்சியிற் பள்ளிக்கூடமொன்றின் விறாந்தையிற் பையை அவிழ்த்தபோது உள்ளிருந்தவை சங்கத்தின் பேரேடும் பங்குப் பதிவேடும். அவருடைய மனைவியார் அன்று அழுதார். தமக்கு மாற்றுச் சேலை இல்லை என்பதே அவர் கவலை. அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று இன்றும் நினைக்கின்றோம்.

1996இல் மக்கள் திரும்பியபோது சங்க அறைக்குக் கூரை இல்லை. இரும்புப் பெட்டி இல்லை. ஆயின் யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு தரவேண்டும் என்பது ஈரம் பட்ட தாள்களில் இருந்தது. கடன் வாங்கியவர்கள், ஏடு போயிற்று என்று மகிழ்ந்திருக்கலாம். ஏடு வந்துவிட்டது என்று அறிந்ததும் சிலர் தாமாகவே வந்து கட்டத் தொடங்கினர். சிலர் வரவேயில்லை, சிலர் உயிருடன் இல்லை. எனினும் சங்கம் அந்தப் பேரேட்டிலிருந்தே மறுபடி தொடங்கிற்று. எமக்கு அந்தப் பணியில் ஈடுபாடு பிறந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இப்பொழுது ரூ பெர்தொனேக்கு வருவோம்.

சனிக்கிழமை பிற்பகல் எமது வகுப்பு முடிந்து அத்தெருவால் நடப்போர், மரக்கறிப் பெட்டிகளையும் சேலைக் கடைகளையும் நகைக்கடைகளையும் காண்பர். கடையின் பின்னறையில் நடப்பதைக் காண மாட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே சீட்டுக் கூறப்படும். இருபது பேர்; தலைக்கு 500 யூரோ; மொத்தம் 10,000. பணம் தேவைப்படுபவர் கழிவு கேட்பார். 1,500 யூரோவைக் கழிவாக விட ஒப்புபவர் 8,500 யூரோவோடு போவார். விட்ட தொகை இருபது பேருக்கும் பகிரப்பட, மற்றையோர் அம்மாதம் 425 யூரோ கட்டினாற் போதும். சீட்டுப் பிடிப்பவர் ஒரு சீட்டைக் கழிவின்றித் தாமே எடுப்பார். அது அவருடைய உழைப்புக்குக் கூலி.

நாம் சீட்டைப் பழிக்க வரவில்லை. வதிவிட அட்டை இல்லாதவனுக்கும், சம்பளச் சிட்டை இல்லாதவனுக்கும் எந்த வங்கி கடன் தந்தது? தம்பியை அழைத்தது சீட்டு. தங்கையைக் கரைசேர்த்தது சீட்டு. அத்தெருவின் கடைகள் பலவற்றுக்கு முதற்படி சீட்டு. பக்கத்திலே குத் தோர் பகுதியில் வாழும் ஆபிரிக்க மக்களும் இவ்வாறே செய்கின்றனர். அவர்கள் அதனைத் தொந்தீன் என்கின்றனர். ஒருவரையொருவர் அறிந்த ஏழைகள் உலகெங்கும் இதே வழியைத்தான் கண்டுபிடித்துள்ளனர். ரைபைசன் அதிற் சேர்த்தவை இரண்டு: பேரேடு ஒன்று, பொதுக்கூட்டம் ஒன்று.

எமது மாணவியின் பெற்றோர் சேர்ந்த சீட்டில் இவ்விரண்டும் இருக்கவில்லை. சேருமுன் தாயார் எம்மிடம் வந்து, "மாஸ்ரர், ஆள் எப்பிடி?" என்று கேட்டார். சீட்டுப் பிடித்தவர் எமது ஊர்ப்பக்கத்தவர். விழாக்களில் எமக்குக் கைகொடுப்பவர். "நல்ல மனிசன்" என்றோம். அது பொய்யன்று, இன்றும் அவரை நல்ல மனிதர் என்றே கருதுகின்றோம். முற்பகுதியிற் சீட்டை எடுத்த மூவர் பின்னர் கட்டவில்லை. ஒருவருக்கு வேலை போயிற்று, ஒருவர் இலண்டனுக்குப் போனார், ஒருவர் காரணமே சொல்லவில்லை. சில மாதம் அவர் தம் கைப்பணத்தை இட்டுச் சமாளித்தார். எமது 90 ரூபாவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தொலைபேசி எடுப்பதை நிறுத்தினார். யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிய குறிப்புகளே சான்று. இந்நாட்டுச் சட்டப்படி 1,500 யூரோவுக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை நிறுவ எழுத்துச் சான்று வேண்டும் என்பதை அப்போதுதான் அக்குடும்பம் அறிந்தது. தாயார் மாலையிற் கட்டடம் துப்புரவாக்கும் இரண்டாவது வேலைக்குப் போகின்றார். சனிக்கிழமைகளில் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்வது எமது மாணவி. வரவு இடாப்பில் அவர் பெயருக்கு நேரே சித்திரை தொடக்கம் வெற்றுக் கட்டங்கள். சங்கத்திற் பிணையாளரின் ஒப்பமின்றி ஒரு சதமும் கொடுக்கலாகாது என்று கற்ற நாம், இங்கே எமது வாய்ச்சொல்லை இலகுவாகப் பிணையாகக் கொடுத்தோம். வாய்ச்சொற் பிணைக்கு ஏடு இல்லாதபடியால் எம்மிடம் எவரும் தவணை கேட்கவில்லை.

அவ்வாறாயின் லா சப்பலில் நாமே ஒரு கடனுதவிச் சங்கத்தைத் தொடங்கினாலென்ன என்று இளைஞர் சிலர் கேட்டனர். நல்லெண்ணம், ஆயின் முடியாது. 1984ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் முதலாக இந்நாட்டில் பொதுமக்களின் வைப்புப் பணத்தை ஏற்றுக் கடன் வழங்கும் தொழில் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிந்த எமது பாடசாலை போன்ற சங்கம் அதில் இறங்கலாகாது. இச்சட்டம் ஏழைக்கு எதிரானது என்று சினப்பதற்கு முன், உடைந்த சீட்டு ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். உரிமம் பெற்ற வங்கி வீழ்ந்தாலும் ஒருவருக்கு 100,000 யூரோ வரையான வைப்புக்குக் காப்புறுதி உண்டு.

புதிதாகத் தொடங்குவானேன்? ரைபைசனின் சங்கம் இந்நாட்டில் ஏற்கெனவே உள்ளது. அப்போது யேர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சாசின் லா வான்சனோ என்னும் ஊரில் 1882இல் தொடங்கிய சிறு கடன் பெட்டியே இன்றைய கிறெடி மியூத்துவெல். கிறெடி அகிறிக்கோலின் வேர், 1885இல் ஜுரா மலைப்பகுதியின் சலான் லே பான் என்னும் ஊரில் ஏற்பட்ட வேளாண்மைக் கடன் சங்கம். கெஸ் தெப்பார்ன் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கூட்டுறவு அமைப்பாயிற்று. இவற்றிற் சிறு தொகைக்குப் பங்கு வாங்கியவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர், அங்கத்தவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வரும். பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் விதி. எமது பெற்றோர் பலருக்கு இத்தகைய வங்கிகளிற் கணக்கு உண்டு. அவ்வழைப்புக் கடிதம் பிரெஞ்சு மொழியில் வருகின்றது. விளம்பரம் என்று எண்ணிக் குப்பையிற் போடுகின்றோம். ஊரில் அன்பளிப்புத் தொகை 500 ரூபா கூடிவிட்டது என்று ஒரு மணி நேரம் வாதாடிய நாம், இங்கே எமது கூட்டத்துக்கு நாமே போவதில்லை.

இவ்வங்கிகள் ஊர்ச் சங்கமாகிவிட்டன என்று சொல்ல வரவில்லை. மிகப் பெரிதாகிவிட்டன; பெருவங்கிகளைப் போலவே பேசுகின்றன; முகாமையாளர் எம் முகத்தை அறியார். அந்தக் குறை உண்மையானது. அதனைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் உரிமை எமக்கு உண்டு என்பதும் உண்மை. கணக்குத் திறக்க ஒரு வங்கி மறுத்தால், பிரான்சு மத்திய வங்கியிடம் முறையிட்டு வேறொரு வங்கியைக் குறித்துத் தரச் செய்யலாம். அது சட்டம் தந்த உரிமை. சிறு கடை தொடங்க வங்கிக் கடன் கிடையாதோருக்கு, மரியா நோவாக் அம்மையார் 1989இல் நிறுவிய அடி என்னும் அமைப்பு சிறுகடன் வழங்குகின்றது. கழிவு கேட்குமுன் இவ்வாசல்களையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாமே.

சீட்டை விடமாட்டோம் என்போருக்கு எமது வேண்டுகோள் சிறிது. ஓர் ஏடு வையுங்கள். கட்டியவரும் பெற்றவரும் அதிலே ஒப்பமிடட்டும். ஏடு சீட்டுப் பிடிப்பவரின் வீட்டில் மட்டும் இராது, படி ஒன்று வேறொருவரிடம் இருக்கட்டும். சீட்டை எடுத்தவருக்கு இருவர் எழுத்திற் பிணை நிற்கட்டும். "என்னை நம்பவில்லையோ?" என்று கேட்பவரிடம் சேராதீர்கள். எமது ஆசிரியரை ஊரே நம்பியது. அதனால்தான் அவர் ஏட்டை எவரும் எப்பொழுதும் புரட்டிப் பார்க்க விட்டார்.

மாணவருக்கு ஒரு சொல். மொன்றியலில் உங்கள் மைத்துனர் மைத்துனிகள் இருப்பார்களாயின், தெஜார்தன் என்னும் பெயரைக் கேளுங்கள், அறிவார்கள். அல்போன்சு தெஜார்தன் ஒட்டாவா நாடாளுமன்றத்திற் சுருக்கெழுத்தாளர். கியூபெக்கின் லெவி என்னும் ஊரில் 1900 மார்கழியில் மக்கள் சேமிப்புச் சங்கத்தை நிறுவினார். 1901 தையில் முதன்முதலாகப் பணம் பெற்ற நாளிற் கிடைத்த முதல் வைப்பு 10 சதம். அன்றைய மொத்தம் 26 டொலர் 40 சதம். அவர் ஒட்டாவாவில் இருந்த மாதங்களில், வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே இருந்துகொண்டு சங்கத்தை நடத்தியவர் மனைவி தொரிமேன். அவ்வம்மையார் செய்ததும் அங்கே ஒன்றுமே நடக்கிறதில்லை என்று நீங்கள் சொல்லும் வேலைதான்: ஆட்கள் வருவார்கள், இருந்து பேசுவார்கள், போவார்கள்.

துறுவாசியேம் மாணவி பின்னர் ஒரு செய்தி சொன்னார். வங்கியில் இருந்த கடைசி நாள், எம்மவரான ஒரு முதியவர் வந்தாராம். மொழி தெரியாமையால் இவரை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்களாம். முதியவர் கேட்ட கடன் கிடைக்காது என்பதை இவரே தமிழிற் சொல்லவேண்டியிருந்தது. என்ன சொற்களாற் சொன்னாய் என்று கேட்டோம். "இப்ப ஏலாதாம் அப்பா, ஆறு மாசத்துக்குப் பிறகு திரும்பக் கேட்கலாமாம் எண்டு சொன்னேன். ஆறு மாசம் எண்டு அவையள் சொன்னது உண்மைதான் சேர்" என்றார். அந்த முதியவர் யார் என்று சொல்ல மறுத்துவிட்டார். நாமும் வற்புறுத்தவில்லை. மருத்துவமனை கிடைக்கவில்லையே என்று வருந்திய தந்தையார் இப்பத்தியை வாசிப்பார் என்று நம்புகின்றோம்.

தெருப்பெயரைப் பற்றி மாணவர் சிலர் கேட்டிருந்தனர். ஒகுஸ்த் பெர்தொனே (1801 - 1867) புகையிரதப் பொறியியலாளர். பாரிசின் எக்கோல் சந்திரால் பொறியியற் கல்லூரிக்கு இயக்குநராகவும் இருந்தார். தொழிலாளருக்கு மாலைவேளைகளிற் கட்டணமின்றிப் பாடம் நடத்திய அசோசியாசியோன் பொலித்தெக்னிக் என்னும் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர். அவ்வகையில் எமக்கு மூத்த சகபாடி!

பொதுக்கூட்ட அழைப்புகள் பெரும்பாலும் இளவேனிற் காலத்தில் வரும். வீட்டுக்கு அத்தகைய கடிதம் வந்தால் அதனைக் கிழிக்காது, பிள்ளையின் கையிற் கொடுத்து சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பிவைக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். கணக்கு இலக்கத்தையும் தொகைகளையும் மறைத்து அனுப்புங்கள். எட்டாம் வகுப்பில் அதனை ஒருமுறை தமிழில் எழுதிப் பார்ப்போம்.